மூலநிரலிலிருந்து இசைத்தாள் தந்த சிட்டாள் ஆச்சிக்கு

காரைக்குடி முல்லைப்பண் இசைப்பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் தட்டச்சராகவும் கணினிப் பொறுப்பாளராகவும் தொண்டாற்றி, இன்று பணி நிறைவு பெறும் திருமதி சிட்டாள் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்து படித்தளிக்கும் மடல்.

கடமையில் கண்ணும் கனிவில் கருத்தும் வைத்த கண்ணியச் செல்வமே! ஏழு சுரங்களில் ஒன்றையும் பாடிக் காட்டாமலே எங்கள் ஏடுகள் அனைத்தையும் ஏந்திக் காத்த எங்கள் ஆச்சியே! வணக்கம்.

தங்கள் பணிகளைப் பட்டியலிடத் தொடங்கினால் பந்திக்குப் போட்ட இலை வாடிவிடும். ஆகவே, சென்ற சனவரியில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிப் பாராட்ட விழைகிறோம். தங்களை எதிரில் அமர்த்திக்கொண்டு தங்கள் கதையையே ‘அவர்’ என்று சொல்லப்போகிறோம், பொறுத்தருள்க. அவையில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறை. பள்ளியின் நான்கு கணினிகளுக்கும் புதிய இயங்குதளம் ஏற்றிக்கொண்டிருந்தார் ஆச்சி. கோப்புகள் எல்லாம் வேறு பகுதியில் பத்திரமாக இருக்கின்றன என்று நம்பி, ‘பழையதை அழித்துவிட்டு நிறுவவா?’ என்று திரை கேட்டபோது ஆம் என்று அழுத்திவிட்டார். வயலின் ஆசிரியர் ஈஸ்வரன் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து எழுதிய இசைத்தாள்கள், நூற்று நாற்பது பக்கம், போயே போய்விட்டன.

ஈஸ்வரன் சத்தம் போடவில்லை. “பரவாயில்லை, ஆச்சி” என்றார். அதோடு சரி. அன்றிலிருந்து பள்ளிக் கணினியில் அவர் ஒரு சுரம்கூட எழுதியதில்லை. வீட்டு மடிக்கணினியில் எழுதி, அச்சிட்ட தாளாகவே கொண்டுவருவார். வணக்கம் சொல்வார், சிரிப்பார், நகர்ந்துவிடுவார். அந்தப் ‘பரவாயில்லை’ ஆச்சியின் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது. அதன்பின் எந்தக் கணினியிலும் புதிதாக எதையும் நிறுவ அவருக்குக் கை வரவில்லை. அச்சிடுவார், தூசி தட்டுவார், அவ்வளவுதான்.

அப்படியிருக்கையில்தான் சனவரி வந்தது. எங்கள் வாத்தியச் சேர்ந்திசைக் குழுவின் இருபத்தெட்டுப் பிள்ளைகள் சனிக்கிழமை மதுரைப் போட்டியில் வாசிக்க வேண்டும். நடுவர்களுக்கு அச்சிட்ட இசைத்தாள் கொடுக்காத குழு மேடையேற முடியாது என்பது விதி. செவ்வாய்க்கிழமை ஈஸ்வரனின் மடிக்கணினி மேல் ஒரு சொம்பு மோர் கவிழ்ந்தது. புதன்கிழமை காலை அவர் ஒரு பென்டிரைவை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றார்.

“ஆச்சி, இதுல மட்டுந்தான் இருக்கு. வேற எங்கயும் இல்ல.”

ஆச்சி வாங்கினார். எதையும் திறப்பதற்கு முன் அதிலிருந்ததை மூன்று இடங்களில் நகலெடுத்தார். பிறகு திறந்தார். ‘இக்கோப்பு புதிய பதிப்பில் உருவானது, திறக்க இயலாது’ என்றது கணினியிலிருந்த பழைய இசைத்தாள் செயலி. புதிய பதிப்பை இறக்கிப் பார்த்தார். இயங்குதளம் பழையது என்று அது ஓட மறுத்தது. முதல்வர் தம் மடிக்கணினியோடு சென்னையில் இருந்தார். கல்லுக்கட்டிப் பக்கம் உள்ள பிரவுசிங் சென்டருக்கு ஆச்சி நடந்தே போய்க் கேட்டார். கடைக்காரர் புதிதாக எதையும் ஏற்ற விடமாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். இயங்குதளத்தையே மாற்றுவது என்றால், ஆறு ஆண்டுகளுக்கு முன் செய்த அதே வேலை. அந்த வழியை ஆச்சி அப்போதே ஒதுக்கிவிட்டார்.

இன்னொரு வழி இருந்தது. ஆயத்தமாகக் கட்டிய செயலியை இறக்காமல், அதை எழுதியவர்கள் ஊரறிய வெளியிட்டிருக்கும் மூலநிரலை இறக்கி, நம் கணினிக்குப் பொருந்தும்படி நாமே செயலியாகக் கட்டிக்கொள்வது. பழைய எதையும் தொடாமல் தனி ஃபோல்டரில் நிறுவலாம் என்று அதன் குறிப்பில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை ஆச்சி நான்கு முறை படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வியாழன் முழுவதும் கணினி ‘காணவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கட்டுவதற்கு வேண்டிய இன்ன துணைநிரல் காணவில்லை என்னும். ஆச்சி தேடி ஏற்றுவார். அடுத்தது காணவில்லை என்னும். ஒவ்வொன்றையும் பழைய வருகைப்பதிவுத் தாளின் பின்புறம் எழுதி, ஏற்றியதும் கோடிட்டு அடித்தார். பதினான்காவதை அடித்தபோது மாலை ஐந்து மணி. கட்டும் வேலை தொடங்கியது. ஒன்று, இரண்டு என்று விழுக்காடு நகர்ந்தது. ‘அணைக்காதீங்க’ என்று ஒரு தாளை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை காவலர் பெத்தன் வாசலிலேயே எதிர்கொண்டார்.

“ஆச்சி, நான் கிட்டக்கூடப் போகல. ஆனா ராத்திரி எட்டு மணியிலேருந்து பெட்டி உறுமாம அப்படியே கெடக்கு.”

எழுபத்தொரு விழுக்காட்டில் கணினி உறைந்து கிடந்தது. ஆச்சி பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. எங்கே தவறு என்று ஒரு மணி நேரம் தேடினார். ஒரே சமயத்தில் நான்கு வேலைகளைச் செய்யச் சொல்லியிருக்கிறோம், இந்தச் சிறிய நினைவகத்துக்கு அது தாங்கவில்லை என்று புரிந்தது. அணைத்துப் போட்டு, இம்முறை ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். முதலிலிருந்து தொடங்கிவிடுமோ என்று பயந்தார். விட்ட இடத்திலிருந்தே அது எழுந்து நடந்தது. ஆச்சி அப்போதுதான் பையை இறக்கினார்.

பிற்பகல் மூன்றரைக்கு நூறு. நிறுவ வேண்டியது மட்டும் பாக்கி. ஈஸ்வரன் வந்து பக்கத்தில் நின்றார்; நாங்களும் பின்னால் கூடினோம். ஆச்சியின் விரல் விசைமேல் வந்து நின்றுவிட்டது.

“சார், இது பழசைத் தொடாது. தனி ஃபோல்டர்லதான் போகுது. ஒரு தடவை நீங்களும் பாத்துருங்க.”

“நீங்க பாத்துட்டீகள்ல?”

“பாத்துட்டேன்.”

“அப்பப் போதும். அழுத்துங்க.”

அழுத்தினார். திரை திறந்தது. வயலின், புல்லாங்குழல், கீபோர்டு என்று ஒன்பது வாத்தியங்களின் கோடுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாய், ஒரு புள்ளி பிசகாமல் வந்து நின்றன. அச்சுப்பொறி முதல் தாளைத் துப்பும்போது ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்றார். நாங்களும் வேர்வை என்றே ஏற்றுக்கொண்டோம்.

தாள்களை அடுக்கிக்கொண்டே ஈஸ்வரன் மெல்லச் சொன்னார்: “அன்னைக்குப் பரவாயில்லைன்னு சொன்னேன்ல, ஆச்சி, அது பொய். வீட்டுக்குப் போயி நாலு நாளு யாருகிட்டயும் பேசல. உங்ககிட்ட ரெண்டு வார்த்தை கோவமாக் கேட்டிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும். கேக்காம ஆறு வருசம் ஒங்கள வதைச்சுட்டேன்.”

“இப்பக் கேளுங்க, சார்.”

“ஏன் ஆச்சி, ஒரு நகல் எடுத்து வைக்கக் கூடாதா?”

“வச்சிருக்கணும், சார். தப்புதான்.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆறு ஆண்டுப் பாரம் அவ்வளவு எளிதாக இறங்கியதை, சுண்டலும் தேநீருமாக நின்ற நாங்கள் கண்ணால் கண்டோம்.

மறுநாள் மதுரையில் பிள்ளைகள் வாசித்தார்கள். மூன்றாம் பரிசு. திங்கட்கிழமை காலை ஈஸ்வரன் நேரே பள்ளிக் கணினியின் முன் வந்து உட்கார்ந்து புதிய பாட்டொன்றை எழுதத் தொடங்கினார். ஆச்சி எழுந்துவந்து மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

அன்னையே! அச்சத்தை அடக்கி அருஞ்செயல் ஆற்றிய ஆற்றலே! பிழையைப் பிறர்மேல் போடாத பெருந்தன்மையே! எஞ்சிய மூன்று கணினிகளிலும் அச்செயலியைக் கட்டி முடித்து, செய்முறை முழுவதையும் பத்துப் பக்கத்தில் தமிழில் எழுதி வைத்துவிட்டு இன்று விடைபெறுகிறீர்கள். கற்பக விநாயகர் அருளால் நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு நிறைவாழ்வு வாழ்க! பேரன் பேத்திகளோடு பெருமகிழ்வு பெறுக! காலை ஒன்பதரைக்கு எங்கும் ஓட வேண்டாத நாள்கள் அனைத்தும் தங்களுக்கு இனிதாகுக!

கணினி கெட்டால் தங்களை அழைக்க மாட்டோம் என்று எங்களால் உறுதி கூற இயலவில்லை. ஒன்றும் கெடாத நாளிலும் அழைப்போம் என்று உறுதி கூறுகிறோம்.

நெஞ்சு நிறைந்த நன்றியுடன்,
முல்லைப்பண் இசைப்பள்ளியின் ஆசிரியர்கள், அலுவலர்கள், காவலர் பெத்தன்
காரைக்குடி