கியர் உறைக்குள் தள்ளிய கயிறு

பெயர்: பெர்னார்ட் த/பெ அருளப்பன். வயது: 54. தொழில்: கார் பழுது பார்த்தல். முகவரி: ரந்தாவ் பாசார் சந்தைக்குப் பின்வரிசையில் கடைசிக் கதவு, முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. நாள்: 21.8.2024, புதன்கிழமை, காலை மணி 11.20. தமிழில் சொன்னது. எழுதியவர் சார்ஜன் புனிதன்.

நான் மேற்படி முகவரியில் மனைவி டோரினுடன் வசிக்கிறேன். இருபத்தெட்டு வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். இதற்கு முன் என் மேல் எந்தப் புகாரும் வந்ததில்லை. இன்று யாரும் என்னை நிலையத்துக்குக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். 14.7.2024 அன்று காரில் அடிபட்டு இறந்த அமிர்தலிங்கத்தைப் பற்றியும், அவர் மனைவி விமலாவைப் பற்றியும் சொல்ல வந்திருக்கிறேன். இருவரையும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நாங்கள் மூவரும் தோட்டத்து மூன்றாம் டிவிஷன் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். லயத்தை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள், முனியாண்டி கோவில் மட்டும் மேட்டில் நிற்கிறது. அமிர்தலிங்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். விமலா சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார். மேற்படி கார் விமலாவுடையது, பழைய மேனுவல் கார்.

27.6.2024 வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு விமலா அந்தக் காரை என் பட்டறையில் விட்டுவிட்டு, கூட வேலை செய்யும் பெண்ணின் காரில் ஏறி வேலைக்குப் போனார். கியர் கம்பியின் அடியை மூடியிருக்கும் தோலுறை கிழிந்து, கீழேயிருந்து சூடும் தூசியும் மேலே வருகிறது, புது உறை போட்டுக் கொடுங்கள் என்று சொன்னார். இது பெரிய வேலை இல்லை. மேலே உள்ள குமிழைத் திருகி எடுத்து, சுற்றியுள்ள சட்டத்தின் நான்கு ஸ்குரூவைக் கழற்றி, பழைய உறையை உருவிவிட்டு, புதியதை மேலிருந்து இறக்கி மறுபடி முடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அப்படித்தான் செய்திருக்கிறேன் போலிருக்கிறது.

குமிழைக் கழற்றிய பிறகு, அதற்குக் கீழே கியர் கம்பியில் கறுப்புக் கயிறு சுற்றியிருப்பதைப் பார்த்தேன். நான்கு வருடத்துக்கு முன் சி ரூசா கடற்கரைச் சாலையில் விமலா மழையில் சறுக்கி, கார் தடுப்பில் மோதி, நெற்றியில் மூன்று தையலோடு தப்பினார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அமிர்தலிங்கம் முனியாண்டி கோவிலில் கயிறு வாங்கி வந்து, பழையதை அவிழ்க்காமல் அதன் மேலேயே கட்டி வந்தார். நான்கு கயிறும் சேர்ந்து கட்டைவிரல் பருமனுக்கு இருந்தது. அதில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு செம்புத் தாயத்தும் தொங்கியது. புது உறையின் கழுத்து குறுகலானது. கயிற்றைத் தாண்டி இறங்கவில்லை.

அதன் பிறகு விமலாவுக்கு போன் செய்தேன். தொழிற்சாலைக்குள் போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள், எடுக்கவில்லை. அமிர்தலிங்கத்துக்குச் செய்தேன், தோட்டத்துக்குள் லைன் இல்லை. கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றில் வைத்தேன். ஆனால் வெட்டவில்லை. நான் ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவன், என் மேசையில் மாதா சுரூபம் இருக்கிறது. முனியாண்டி கயிற்றை ஒரு வேதக்காரன் வெட்டினான் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது வெளியில் சொல்லும் காரணம். உண்மையில் பயந்தேன். லயத்தில் வளர்ந்தவனுக்கு எந்தச் சாமி கும்பிட்டாலும் அந்தப் பயம் போகாது. ஆகவே ஸ்குரூ டிரைவரால் கயிற்றுச் சுருளைக் கம்பியோடு கீழே தள்ளி, கம்பி வெளியே வரும் துளையுள்ள அடித்தட்டு வரைக்கும் இறக்கி, தாயத்தையும் உள்ளே விட்டு, அதற்கு மேலே புது உறையைப் போட்டு மூடினேன். சாயங்காலம் விமலாவிடம் கயிறு உள்ளேயே பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் புதுத் தோலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

5.7.2024 வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி இருக்கும், விமலா மறுபடி வந்தார். “பெர்னார்ட் அண்ணே, ஒண்ணாம் கியரு போட்டா சில நேரம் துள்ளி வந்துருதுலா” என்றார். நான் அப்போதுதான் சோற்றில் கை வைத்தேன். எழுந்து கையைக் கழுவி, காரை பாசார் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். கியர் விழுந்தது. கொஞ்சம் இறுக்கமாக இருந்தது போல் பட்டது. “புதுத் தோலும்மா, அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டப் பழகிரும்” என்று சொல்லி அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். நான்கு ஸ்குரூ. திறந்து பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. இதற்கு என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை.

இதையும் சொல்ல வேண்டும். அந்தக் காரின் ஹேண்ட் பிரேக் தளர்ந்து போயிருந்தது. கேபிள் மாற்றும் வரைக்கும் மேட்டில் நிறுத்தினால் கட்டாயம் கியரில் போட்டு நிறுத்து என்று விமலாவுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

14.7.2024 ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, அங்கே இருந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். அன்று திருவிழாவுக்கு முன் கோவிலைத் துப்புரவு செய்யப் பழைய லயத்து ஆட்கள் எல்லாரும் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங் வைத்திருந்தார்கள். விமலா காரை மேட்டில் மூக்கு மேலே பார்க்க நிறுத்திவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கார் இருபது நிமிடத்துக்கு மேல் அங்கேயே நின்றது. அதன் பிறகு அமிர்தலிங்கம் வந்து, பின்கதவைத் திறந்து வாளியை எடுத்து, கதவை அடித்துச் சாத்திவிட்டு, கொஞ்சம் கீழே இருந்த தண்ணீர்க் குழாய்க்குப் போனார். வாளியை வைத்துக் குனிந்தபோது கார் பின்னோக்கி உருண்டு வந்து அவரைக் குழாய்ச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. ஆட்கள் ஓடிப் போய் காரைத் தள்ளினார்கள். குழாயை மூட ஒருவருக்கும் தோன்றவில்லையாம். அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் வாளி நிறைந்து வழிந்துகொண்டே இருந்ததாம்.

அன்று சாயங்காலம் நானும் டோரினும் அமிர்தலிங்கத்தின் வீட்டுக்குப் போனோம். அமிர்தலிங்கத்தின் தம்பி யோகேந்திரன், கியர் கம்பி நடுவில்தான் கிடந்தது, நியூட்ரலில் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். விமலா மறுக்கவில்லை. “நான் கியர் போடல போல இருக்கு. எனக்கு ஞாபகமே வரலியே” என்று தன் வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே உறைக்குள் தள்ளிய கயிறு ஞாபகம் வந்தது. தெரியும் என்று சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. டோரினைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

3.8.2024 சனிக்கிழமை, பதினாறாம் நாள் காரியம் எல்லாம் முடிந்த பிறகு, விமலாவும் யோகேந்திரனும் அந்தக் காரோடு வந்தார்கள். காரை விற்கப் போகிறோம், அதற்கு முன் அவர் கையால் கட்டிய கயிற்றை எடுத்துக் கொடுங்கள் என்று விமலா கேட்டார். நேரம் ஆகும், கடையில் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள் என்று இருவரையும் அனுப்பினேன். அதன் பிறகு உறையைத் திறந்தேன். கயிறு அடித்தட்டில் தளர்ந்து கிடந்தது. தாயத்து, கம்பிக்கும் தட்டின் முன்விளிம்புக்கும் நடுவில் சிக்கி ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. ஒன்றாம் கியருக்குக் கம்பி முன்னால் போக வேண்டும். முழுதும் போகவிடாமல் அது தடுத்திருக்கிறது.

அதன் பிறகு நான் செய்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன். பட்டறையின் பக்கத்துச் சரிவில் காரை நிறுத்தி, டயருக்கு நான்கு அடி கீழே செங்கல் அடுக்கினேன். நியூட்ரலில் விட்டு ஹேண்ட் பிரேக்கை மட்டும் முழுதும் இழுத்தேன். நான் இறங்கும் முன்பே கார் நகர்ந்துவிட்டது. அடுத்து, தாயத்து இருந்தபடியே ஒன்றாம் கியர் போட்டு இறங்கினேன். கார் நின்றது. சிகரெட் ஒன்று குடித்து முடிக்கும் வரை நின்றது. பின்கதவை அடித்துச் சாத்தினேன். உள்ளே கம்பி துள்ளும் சத்தம் கேட்டது, கார் உருண்டு போய்ச் செங்கல்லில் முட்டியது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே. பிறகு தாயத்தை எடுத்துவிட்டுச் செய்தேன். எவ்வளவு அடித்துச் சாத்தியும் கார் அசையவில்லை. கியர் போடாமல் விட்டிருந்தால் அந்தக் கார் மேட்டில் இருபது நிமிடம் நின்றிருக்காது.

விமலா திரும்பி வருவதற்குள் தாயத்தின் சப்பையைக் குறட்டால் நெருக்கி உருளையாக்கினேன். கயிற்றை மண்ணெண்ணெயில் துடைத்தேன். அவர் கையில் கொடுத்தேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். இது குற்றம் என்று சார்ஜன் சொல்கிறார். எனக்கும் தெரியும்.

அன்றிலிருந்து என்னால் ஒழுங்காக வேலை செய்ய முடியவில்லை. சமதரையில் நிற்கும் காருக்கும் நான்கு டயரிலும் கல் வைக்கிறேன். கியர் போட்டால் கை அதை விட்டு வரமாட்டேன் என்கிறது. பட்டறைக் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டு எழுந்து போனால் குழாய் மூடித்தான் இருக்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போகிறேன். டோரின் பிளம்பரைக் கூப்பிட்டு வந்து காட்டினாள், ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். காரின் அடியில் படுத்திருக்கும்போது பக்கத்தில் ஒருவர் ஈரக் காலோடு நிற்கிறார். அமிர்தலிங்கம் என்றுதான் நினைக்கிறேன். பார்த்ததில்லை, திரும்பிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. இதை எழுத வேண்டுமா என்று சார்ஜன் கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

19.8.2024 திங்கட்கிழமை யோகேந்திரன் பட்டறைக்கு வந்தார். சம்பவத்தன்று காலையில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் சண்டை நடந்ததாகவும், விமலா வேண்டுமென்றே காரை அப்படி விட்டார் என்று தாம் போலீசில் சொல்லியிருப்பதாகவும், விமலாவை மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டிருப்பதாகவும் சொன்னார். விமலா எதையும் மறுக்கப் போவதில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னதையும் சொன்னார். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை எட்டு மணிக்கு நான் விமலாவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே, கயிற்றை உள்ளே தள்ளியது, வெள்ளிக்கிழமை திறந்து பார்க்காதது, குறட்டால் நெருக்கியது எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நின்றேன். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு, “அப்ப நான் கியர் போட்டனா, அண்ணே?” என்று கேட்டார். போட்டம்மா என்றேன். “நெசமாவா?” என்றார். நெசமா என்றேன். மூன்றாவது தடவையும் கேட்டார். அப்புறம் கீழே உட்கார்ந்து அழுதார். இத்தனை நாளில் அவர் அழுததை அப்போதுதான் பார்த்தேன். நான் கிளம்பும்போது, “போலீஸ்ல அத மட்டும் எழுதிக் குடுப்பாங்களா? நான் கையில வச்சிக்கிறேன்” என்றார்.

எனக்கு என்ன தண்டனை வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். தாயத்து விமலாவிடம் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார். காரை இன்னும் விற்கவில்லை, அதன் அடித்தட்டின் விளிம்பில் செம்புத் தடம் இன்னும் இருக்கிறது. நான் கேட்டுக்கொண்டபடி கீழே உள்ளதைச் சார்ஜன் தனி வரியாக எழுதியிருக்கிறார்.

14.7.2024 அன்று திருமதி விமலா காரை ஒன்றாம் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

எழுதியதை முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டவும் குறைக்கவும் எதுவும் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. சொன்னது அனைத்தும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அ. பெர்னார்ட்