வராத வெள்ளம்

“வராத வெள்ளத்துக்கு என்னைய விசாரிக்காவக்கா.”

குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வந்த பஸ்ஸில், முன் இருக்கையிலிருந்த துப்புரவுப் பணிப்பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

“அருவிக் காவலுக்கு ஆள் வரல, நீ நில்லுன்னு விசிலக் கையில குடுத்தாவ. தண்ணி கலங்கி, சருகும் மண்ணுமா விழுந்துச்சு. ஊதி, குளிச்ச ஆளு பூராத்தையும் கரையேத்திட்டேன். கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிட்டு.”

“யாரக் கேட்டு ஊதுனியாம்?”

“அதான் எழுதிக் கேக்காவ. வேலை நிலைக்காது போல.”

“கேட்டுட்டு ஊதியிருக்கலாம்லா, ஏட்டி?”

“வெள்ளம் என்ன, மனு குடுத்துட்டா வரும்?”

நான் பின் இருக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுத்தராக இருந்த என்னையும் ஒருநாள் இப்படித்தான் வேறோர் அருவியில் காவலுக்கு நிறுத்தினார்கள். நீர் கலங்கியதைப் பார்த்தும் உத்தரவுக்காகக் காத்திருந்தேன். ஒரு சிறுமியை வெள்ளம் கொண்டுபோனது. என்னிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை.