வெள்ளையடித்த சுவர்

1959 ஜனவரி 12, மாலை நான்கு மணி பத்து நிமிடம். ஆத்தூரிலிருந்து திண்டுக்கல் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இருந்த அம்மாள், வீடுவீடாகச் சுவர்களில் மலேரியா மருந்தடிக்கும் ஊழியரிடம் கேட்டார்:

"கொசு உக்காரச் சுவத்த விட்டா வேற எடமில்லையாண்ணே?"

"சாக்கடைக் கொசு வேற, தாயி. இது கெணத்துத் தண்ணியில பொறக்கும். தலையக் குனிஞ்சு வாலத் தூக்கி உக்காரும். கடிச்சுட்டுச் சுவத்துலதான் எளைப்பாறும். மருந்து இருந்தா அங்கனயே விழுந்துரும்."

"மருந்து திட்டுத்திட்டா தெரிஞ்சுச்சு. மகளப் பொண்ணு பாக்க வாராகன்னு வெள்ளையடிச்சுட்டேன்."

"அம்புட்டையும் மூடிப்புட்டியே! மாப்பிள்ளை சுவத்தையா கட்டிக்கப் போறான்?"

"மக ஆஸ்பத்திரியில கெடக்கா. குளிர்காய்ச்சல்ல மூணு நாளாக் கண்ணு தெறக்கலண்ணே."



மறுநாள் காலை, எங்கள் வீட்டு மருந்துத் திட்டுகளை மறைக்கப் பொங்கலுக்கென்று கரைத்து வைத்திருந்த சுண்ணாம்பைக் கொல்லையில் கொட்டினேன்.