உள்சீட்டில் கடலை விசாரித்த குல்யாஷ் அக்காவுக்கு

எட்டாம் எண் கிடங்கு இதுவரை எவருக்காகவும் ஏங்கியதில்லை, இனியும் ஏங்கப்போவதில்லை!

இவ்வாசகம் மடலின் முகப்பில் நின்றே தீரவேண்டும் என வற்புறுத்தியவர் எங்கள் மேற்பார்வையாளர் ஓல்ஜாஸ். எனவே நிற்கிறது.

கோணல் கம்பிக்குக் கூற்றமே! தளர்ந்த கட்டின் தண்டனையே! எண்ணிக்கையில் ஏமாறாத ஏந்திழையே! கரகண்டா சரக்கு நிலையத்தின் குல்யாஷ் அக்காவே, வணக்கம்!

பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பியையும் பதினான்கையும் பனிமூட்டத்திலும் பார்வையாலேயே பிரித்தீர்கள். ஒருமுறை, எந்த உலையில் உருகியது என்று காட்டும் உலை எண் மாறிய ஒற்றைக் கம்பி ஒளிந்திருந்த கட்டைக் கிரேன் தூக்கிவிட்டது.

"மேல போயிடுச்சுக்கா!"

"போனது எறங்கும். எறக்கு."

இறங்கியது. முனைகளைச் சமமாய்த் தட்டி, நான்கிடத்தில் கட்டுக்கம்பி முறுக்கி நீங்கள் அனுப்பிய கட்டு எதுவும் இருபத்தொன்பது ஆண்டுகளில் வழியில் அவிழ்ந்ததில்லை. எங்கள் காலணி நாடாக்களைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை.

கட்டுக்கு இரண்டு சீட்டு என்பது நம் வழக்கம். வெளிச்சீட்டு ஊரறிய. அது பிய்ந்துபோனால் அடையாளம் காண, கம்பிகளின் நடுவே தகரத்தில் ஓர் உள்சீட்டு. பெறுபவர் அதைப் படிப்பது அபூர்வம்.

சென்ற ஜனவரிப் பனிப்புயலில் வெளிச்சீட்டை இழந்த கட்டொன்று, அக்தாவ் துறைமுகத்துக்குப் போகாமல் நம்மிடமே திரும்பியது. ஓல்ஜாஸ் உள்சீட்டை உருவினார். தடிமன், நீளம், உலை எண், எடை. அதன்கீழ் உங்கள் கையெழுத்தில் இன்னொரு வரி: 'அங்கே கடல் எப்படிச் சத்தம் போடும்?'

"என்னக்கா இது? கம்பி பதில் போடுமா?"

"போடாட்டி போகுது. கேக்கணும்போல இருந்துச்சு."

"எத்தனை கட்டுல எழுதுனீங்க?"

"அக்தாவ் போற எல்லாத்துலயும்."

"இரும்புக்குக் காதல் கடுதாசி!" என்று ஓல்ஜாஸ் அன்று முழுவதும் சொல்லித் திரிந்தார். நாங்களும் தேநீர் சிந்தச் சிரித்தோம். பிறகுதான் நினைவு வந்தது: அந்தக் கடலைப் பார்க்க மூன்று முறை விடுப்பு எழுதினீர்கள். மூன்று முறையும் அவசரச் சரக்கு வந்தது. மூன்று முறையும் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள். இருக்கச் சொன்னது நாங்கள்.

பணி ஓய்வு பெற்றுவிட்டீர்கள்; இனி இருக்கச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. வெள்ளிக்கிழமை ரயிலில் அக்தாவில் தங்கை வீட்டுக்குப் போகிறீர்கள்; திரும்பும் பயணச்சீட்டு எடுக்கவில்லை என்றும் அறிந்தோம். பலமுறை விசாரித்தே அறிந்தோம்.

போய் வாருங்கள் அக்கா! உப்புக்காற்று உங்கள் முழங்கால் வலியை வாங்கிக்கொள்ளட்டும்! நூறாண்டு நீளமும், நோயணுகா உறுதியும், துருவேறாச் சிரிப்பும் வாய்க்கட்டும்! ஒரு நாள் முழுக்க யாரும் கூப்பிடாமல் கரையில் உட்கார்ந்திருங்கள்.

மடலில் சேர்க்கக்கூடாதென்று ஓல்ஜாஸ் தடுத்த செய்தி ஒன்று உண்டு. இன்று காலை அக்தாவுக்கு ஒரு கட்டு ஏறியது. நீங்கள் போய்ச் சேர்ந்த சில நாளில் அதுவும் சேரும். உள்சீட்டில் எடையைக் குறித்த பின்னும் அவர் கை நிற்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நெடுநேரம் எழுதினார். எட்டிப் பார்த்தோம். ஒரே வரிதான்:

'அக்கா, அங்க எப்படி இருக்கீங்க?'

இப்படிக்கு,
எட்டாம் எண் கிடங்குப் பணியாளர்கள்