நின்ற இடத்தை விட்டு அசையவில்லை

எங்கள் வெண்முகில் நகரில் குப்பை வண்டி காலை ஏழேகாலுக்கு வரும். மழையோ பனியோ, ஏழேகால் என்றால் ஏழேகால்தான். நான் குடியிருப்போர் சங்கச் செயலாளரான பிறகு வந்த ஒழுங்கு அது. அதற்கு முன்னால் வண்டி தோன்றினபோது வரும், பாதி நாள் குரங்குகள்தான் குப்பையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்ஸ்பெக்டர் மேடம், நேற்று நீங்கள் கேட்டது சின்ன விஷயம். இந்த நகரைப் பற்றியும், தடுப்புச் சுவர் எப்போது விழுந்தது என்பது பற்றியும், குப்பாயி அந்தப் பள்ளத்தில் தவறி விழுந்து இறந்தது பற்றியும் செயலாளர் என்ற முறையில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். ஒரு பக்கத்தில் அடங்காது போலிருக்கிறது. முப்பது வருடம் சேலத்தில் ஒரு நூல் மில்லுக்கு மேனேஜராக இருந்தவன் நான். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

நாகலூர் ரோட்டில் ஒரு பழைய காபி எஸ்டேட்டைப் பிரித்துக் கட்டியதுதான் வெண்முகில் நகர். நாற்பத்தாறு வில்லா. கிளப் ஹவுஸ் உண்டு, வெந்நீர் நீச்சல் குளம் உண்டு. வீட்டுக்கு வெள்ளை அல்லது சாம்பல் நிறம்தான் அடிக்கலாம். முன்பக்கம் துணி காயப்போடக் கூடாது. வீதியோரம் கொஞ்சம் காபிச் செடிகளை அழகுக்காக விட்டுவைத்திருக்கிறோம். பழம் சிவந்ததும் சென்னையிலிருந்து வருகிற பேரப்பிள்ளைகள் பத்துப் பழம் பறித்து போட்டோ எடுத்துக்கொள்ளும். மீதி உதிர்ந்து போகும். வேலைக்கு வருகிற பெண்களுக்கு நீல அட்டை, டிரைவர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் பச்சை. அட்டை இல்லாத ஆள் உள்ளே கால் வைக்க முடியாது. கீழ்க்காட்டு ஜனங்கள் எங்களுக்கு வைத்திருக்கிற பெயர் 'கேட்டு ஊடு'. கேலிதான். ஆனால் எனக்குப் பிடித்த பெயர்.

கீழ்க்காடு எங்களுக்கு நேர் கீழே, சரிவில் இருக்கிற ஊர். முப்பது வீடு இருக்கும். அவர்கள் மேலே வந்து பஸ் பிடிக்க, எஸ்டேட்டுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்ததாம். அந்த எஸ்டேட்தான் இப்போது நாங்கள். பாதையில் ஒரு சின்ன கேட் போட்டோம். அட்டை இருப்பவர்கள் அந்த வழியாக வரலாம். மற்றவர்கள் காட்டைச் சுற்றி நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். காட்டெருமை நடமாடுகிற வழி. கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

குப்பாயி என் வீட்டில் ஒன்பது வருடம் வேலை செய்தாள். அவளுக்கு நீல அட்டை. அவள் மகள் தீபிகா சேலத்தில் நர்சிங் படிக்கிறாள், அவளுக்கு அட்டை கிடையாது. "ஏனுங்க சார், அந்தப் புள்ளைக்கும் ஒரு அட்டை போட்டுக் குடுத்தா உங்களுக்கு என்னங்க கொறஞ்சிரப் போவுது?" என்று குப்பாயி இரண்டு முறை கேட்டாள். வேலைக்கு வராதவர்களுக்கு அட்டை இல்லை என்பது விதி. நான் எழுதின விதியை நானே மீறினால் மற்ற நாற்பத்தைந்து வீட்டுக்காரர்களும் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

நான் கெட்டவன் இல்லை, மேடம். பயந்தவன். இந்த வித்தியாசத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால், ஏழாம் எண் வில்லாவில் தனியாக இருக்கிற ஆன்மேரி அம்மாவிடம் பட்டப்பகலில் இரண்டு பேர் தண்ணீர் கேட்டு வந்தார்கள். நாற்காலியில் கட்டிப்போட்டு, வாயில் துணியை அடைத்து, நகையை எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டை அவிழ்த்தது நான்தான். அவிழ்க்க வந்த என்னைப் பார்த்தும் அந்தம்மாவின் கண் மிரண்டது. அன்றைக்கு என் வயிற்றுக்குள் புகுந்த பயம் இன்னும் வெளியே வரவில்லை. பிடிபட்டவர்களில் ஒருவன் பதினொன்றாம் எண் வில்லாவின் டிரைவர், இன்னொருவன் எங்கள் தோட்டக்காரன். இரண்டு பேரிடமும் பச்சை அட்டை இருந்தது. அது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு என் வாசல் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் போட்டேன். குளித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை ஈரத்தோடு வெளியே வந்து பார்ப்பேன். "உங்க பயத்தோட என்னால குடும்பம் நடத்த முடியலீங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி ஜெயகுமாரி சென்னையில் மகள் வீட்டுக்குப் போனாள். போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

மூடுபனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் குடிவந்த முதல் கார்த்திகையில் ஒரு நாள் மாலை நடக்கப் போனேன். சட்டென்று மேகம் இறங்கி, நீட்டின கை தெரியவில்லை. சொந்த வீதியிலேயே வழி தப்பி எங்கேயோ புல்லில் நின்றுகொண்டு, வெட்கத்தை விட்டுக் கத்தினேன். எங்கிருந்தோ "ஓ..." என்று ஒரு குரல் வந்தது. "சார், அங்கியே நில்லுங்க. நா ஓ போட்டுக்கிட்டே இருக்கறேன். கொரல் வர்ற பக்கமா ஒவ்வொரு அடியா வாங்க." குரலைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். குப்பாயி நின்றிருந்தாள். மேகம் விலகினதும் பார்த்தால், நான் நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளி மலைச்சரிவு.

கீழ்க்காட்டில் அது ஒரு வழக்கம் என்று அவள்தான் சொன்னாள். மேகத்தில் மாட்டிக்கொண்டவர் 'ஓ' போட வேண்டும். காதில் விழுந்தவர் யாராக இருந்தாலும், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாக இருந்தாலும், பதில் குரல் கொடுத்தே ஆக வேண்டும். "கொரல் குடுத்தவங்க நின்ன எடத்த உட்டு அசையக் கூடாதுங்க சார். அசைஞ்சா நம்பி வர்றவங்க கதி அதோகதிதான்." அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. "ஓ போட்டதுக்கெல்லாம் யாராச்சும் சேல வாங்குவாங்களா?" என்று சிரித்தாள்.

இந்த ஆடி மாதம் என் வீட்டு முன்னால் ரோஜாப் பாத்தி வெட்டும்போது ஒரு கருங்கல் தட்டுப்பட்டது. மேலே அம்புக்குறி செதுக்கியிருந்தது. குப்பாயி மண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். "இது எங்க பாதக் கல்லுங்க சார். எங்கப்பா சொல்லும், நொம்ப நாளாக் காணோம்னு ஊரே தேடுச்சு" என்றாள். மூடிவிட்டு ரோஜாவை நடு என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிவிட்டு நட்டாள். அந்த ரோஜா நன்றாகப் பூக்கிறது.

ஐப்பசியில் கீழ்க்காட்டார் மனுப் போட்டார்கள். அது ஊர்ப் பொதுப்பாதையா என்று பார்க்கக் கோட்டாட்சியர் ஒரு வியாழக்கிழமை நேரில் வருவதாகக் கடிதம் வந்தது. உடனே சின்ன கேட்டை அடியோடு பூட்டிவிட்டோம். ஆனாலும் பொதுப்பாதைக்குச் சாட்சியான அந்தக் கல் வெளியே வந்தால் எல்லாம் போச்சு. கேட் கழன்றுவிடும். முகம் தெரியாதவர்கள் எந்த நேரமும் என் ஜன்னல் ஓரமாக நடப்பார்கள். யாராவது தண்ணீர் கேட்பார்கள்.

அந்த வியாழனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மழையில்தான் தடுப்புச் சுவர் விழுந்தது. சின்ன கேட்டைத் தாண்டி மேலே ஏறினால் ஒரு புல்தரை. அதன் மறுமுனையில் வியூ பாயிண்ட் என்று ஒரு சிமெண்ட் மேடை. முன்பெல்லாம் புல்லில் நேராக முப்பது அடி நடந்தால் மேடைக்கு வந்துவிடலாம். சுவர் சரிந்தபோது புல்தரையின் நடுப்பகுதியையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஐம்பதடிப் பள்ளம், அடியில் பாறை. வாட்ச்மேன் சென்றாயன் இரண்டு டிரம்மை வைத்து சிவப்பு வெள்ளை நாடா கட்டினான். கேட்டைப் பூட்டியதிலிருந்து கீழ்க்காட்டார் யாரும் வேலைக்கு வரவில்லை, அதனால் அங்கே இது யாருக்கும் தெரியாது. குப்பாயி ஊரிலேயே இல்லை. தலைச்சோலையில் அண்ணன் தோட்டத்துக்குக் காபி பறிக்கப் போயிருந்தாள்.

புதன்கிழமை காலையில் போன் செய்தாள். "சார், ஊருக்கு வந்துட்டனுங்க. நாளைக்கு ஆபீசர் கேட்டா கல்லு இருக்கற எடத்தச் சொல்லிருவனுங்க. போன வாரம் தீபிகாவ எரும தொரத்திப் போட்டுது, முட்டியெல்லாம் செராய்ப்பு. இதுக்கு மேல மனசு கேக்கல. ஆனா உங்களுக்குத் தெரியாமப் பின்னால போய்ச் சொல்றது நல்லாயில்லீங்க. இன்னிக்கே வந்து நேர்ல சொல்லிட்டுப் போறேன்."

நல்ல மனுஷி. வேறு யாராக இருந்தாலும் சொல்லாமலே காட்டிக்கொடுத்திருப்பார்கள். "நாலு மணிக்கு வா, சின்ன கேட்டைத் திறந்து வைக்கிறேன், வியூ பாயிண்டில் இருப்பேன்" என்றேன். அந்த வாரம் முழுக்க மேகம் மூன்றரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதை நான் கவனித்து வைத்திருந்தேன்.

மூன்று மணிக்குச் சென்றாயனை மெயின் கேட்டுக்கு அனுப்பினேன். சின்ன கேட்டின் பூட்டைத் திறந்தேன். நாடா காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. அவிழ்த்துச் சுருட்டி மழைக்கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். டிரம் இரண்டையும் காபிச் செடிகளுக்குப் பின்னால் உருட்டி வைத்தேன். நாடா காற்றில் போயிருக்கும் என்றும், கேட்டைப் பூட்ட மறந்துவிட்டேன் என்றும் உங்களிடம் சொன்னேன். இரண்டும் பொய். நாடா இன்னும் அந்தப் பையில்தான் இருக்கிறது.

பிறகு வீதி வழியாகச் சுற்றிக்கொண்டு மேடைக்கு வந்தேன். எதிர்பார்த்தபடியே மேகம் இறங்கியது. நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கேட் சத்தம் கேட்டது. அப்புறம் "ஓ..." என்றாள்.

நான் "ஓ..." என்றேன்.

"சாருங்களா? ஒண்ணுமே தெரியலீங்க."

"நான்தான். இங்கே இருக்கிறேன், வா."

பன்னிரண்டு, பதிமூன்று அடி நடந்திருப்பாள். ஈரப்புல்லில் செருப்புச் சத்தம் நின்றது. அந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவளுக்கு என்ன ஆகுமோ என்று இல்லை, அவள் திரும்பிப் போய்விடுவாளோ என்று. "சார், மண்ணு ஒரு மாதிரி பொதபொதன்னு இருக்குதுங்க. நேராத்தான வரோணும்?" என்று கேட்டாள்.

"நேராகத்தான். நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை, குப்பாயி. என் குரலைப் பார்த்து வா" என்றேன்.

"செரிங்க சார்" என்றாள்.

அதுதான் அவள் கடைசியாகப் பேசினது. கத்தவில்லை. மண் சரிகிற சத்தமும், கீழே ஒரு சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரம் கழித்து, பாறையில் சின்னச் சின்னதாக என்னவோ உருண்டு போகிற சத்தம். அது ஆரஞ்சுப் பழம் என்று மறுநாள் நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. எனக்குக் கொண்டுவந்திருக்கிறாள். தலைச்சோலை ஆரஞ்சு எனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நான் வழக்கத்தை மீறவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கூப்பிட்டாள், பதில் கொடுத்தேன். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. டிரம்களை மறுபடி உருட்டி வந்து வைத்த பிறகுதான் வீட்டுக்குப் போனேன். வேறு யாராவது விழுந்துவிடக் கூடாது, பாருங்கள்.

அன்று சாயங்காலம் கீழ்க்காடு மொத்தமும் சரிவில் இறங்கி அவளைத் தேடியது. மேகத்துக்குள் நாலா பக்கமும் "ஓ... ஓ..." என்று குரல்கள். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். காதில் விழுந்தவர் பதில் சொல்ல வேண்டும். நான் ஜன்னலையெல்லாம் அடைத்து, மூன்று தாழ்ப்பாளையும் போட்டு, குளியலறையில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் கேட்டது.

கோட்டாட்சியர் வருகை தள்ளிப்போய்விட்டது. கல் எங்கே என்று சொல்ல இனி ஆள் இல்லை. நகர் பத்திரமாக இருக்கிறது. பிறகு ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம்.

பத்து நாளாகத் தினமும் நாலு மணிக்கு அந்தப் பெண் தீபிகா சின்ன கேட்டுக்கு வெளியே வந்து நின்று "ஓ..." என்று கூப்பிடுகிறாள். தாயின் குரல் அப்படியே இருக்கிறது. "பாவம் சார், புள்ளைக்குப் புத்தி கலங்கிப் போச்சுங்க" என்கிறான் சென்றாயன். புத்தியெல்லாம் கலங்கவில்லை. நேற்று நான் கேட் அருகே போனபோது கம்பி வழியாக என்னிடம் கேட்டாள். "சார், எங்கம்மாவுக்கு மேகம் புதுசில்லீங்க. கொரல் கேக்காம ஒரு அடி எடுத்து வைக்காது. அன்னிக்கு யாரோ கொரல் குடுத்திருக்காங்க. அது யாருன்னு தெரியற வரைக்கும் தெனமும் வந்து ஓ போடுவனுங்க. கேக்கறவங்க எத்தன நாளைக்குத்தான் பதில் சொல்லாம இருந்துருவாங்க?"

இன்று நாலு மணிக்கு அவள் கூப்பிட்டபோது என் வாய் தானாகத் திறந்தது, மேடம். துண்டை வைத்து அடைத்துக்கொண்டேன். ஆன்மேரி அம்மா அன்றைக்கு எப்படி உட்கார்ந்திருந்தாரோ, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு என்னால் முடியாது. எனக்கு அவ்வளவு பயமாக இருக்கிறது.

ஆகவே நாளை நாலு மணிக்குள் வந்து என்னை அழைத்துப் போய்விடுங்கள். கல் வடக்குப் பாத்தியில், மூன்றாவது ரோஜாவுக்கு அடியில் இருக்கிறது. குப்பாயியை நான்தான் கொன்றேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்: தே. தேவசிகாமணி, செயலாளர்.

ஒரே ஒரு வேண்டுகோள். என்னை வைக்கப் போகிற அறைக்கு நல்ல பூட்டாகப் போடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது. இந்தக் காலத்தில் யாரை நம்ப முடிகிறது, சொல்லுங்கள்.