எந்தப் பேரைச் சொல்லி அழுவது

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் மெதுவாகக் கேட்டாள்.

"எந்தப் பேரச் சொல்லிக்கா ஒப்பாரி வச்சீங்க?"

"சேலை விக்க வந்த செல்வம் செத்துட்டாருன்னு கேள்விப்பட்டுத்தான் தலவாக்கலைக்குப் போனேன். அங்க பாத்தா பெட்டி மேல ஆமித் தொப்பி. போட்டோவுக்குக் கீழ சிங்களப் பேரு. பட்டாளத்துல உளவு பாக்குற பெரிய ஆபீசராம்."

"அப்ப தோட்டத்து லயம் லயமா, வீடு வீடா சேலை வித்தது?"

"நம்மள நோட்டம் பாக்கத்தான். எம்மகன வேன்ல ஏத்திட்டுப் போனாங்கல்ல, அதுக்கு மொத நாளு வந்து, 'தம்பி எங்க வேல செய்யுதும்மா?'ன்னு கேட்டாரு. தேத்தண்ணி ஊத்திக் குடுத்துச் சொன்னேன்."

பஸ் ஒரு வளைவைச் சுற்றி ஏறியது.

"அது தெரிஞ்சும் அழுதீங்களாக்கா?"

"பேரே சொல்லல. 'எம்புள்ளைய எங்க வச்சிருக்கன்னு சொல்லாமப் போறியே'ன்னு அழுதேன். அவரோட அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவங்க மகனுக்குத்தான் அழுவுறேன்னு நெனச்சி என்னக் கட்டிப் புடிச்சிக்கிட்டாங்க."

"நீங்க என்னா செஞ்சீங்க?"

"நானும் புடிச்சிக்கிட்டேன்."