காரணம்: டியூட்டி

— தள்ளி நில்லு நைனா. ஸ்கிரீன மறச்சிகினு நின்னாக்கா நான் இன்னாத்தப் பாத்து ரிப்பேர் பண்றது?

— நீ பாக்க வேணாம் உத்தமா. என்ன பண்ணணும்னு வாயால சொல்லு, நானே பண்ணிக்கறேன்.

— பல்லு டாக்டராண்ட போயி, வாயத் தொறக்க மாட்டேன், மருந்து மட்டும் குடுன்னு கேக்கற மாதிரி கீது. காலேஜ் பஸ்ஸுலேர்ந்து எறங்குனவன பையோட இட்டுகினு வந்துட்ட. மெஷினுக்கு இன்னா நோவு, அத்தயாச்சும் சொல்லு.

— ஆன் பண்ணினா வழக்கமா விண்டோஸ் வந்து பச்சையா நிக்கும். இப்ப என்னென்னவோ தானா தொறந்துக்குது. எல்லாத்துக்கும் மேல நம்ம வருகைப் பதிவேடு வந்து ஸ்கிரீன் பூரா நிக்குது. மூடினா போயிடுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா மறுபடியும் வருது. காலைலேர்ந்து பதினோரு தடவை பாத்துட்டேன்.

— காலைலேர்ந்தா? காலனி சங்கத்து ரூம தொறக்கறதே சாய்ங்காலம் அஞ்சுக்கு. காலைல நீ பட்டரவாக்கத்துல கம்பெனில இல்ல கீற?

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மணி நாலு இருவத்தஞ்சு. அஞ்சு மணிக்கு நீ எடுக்கற லேடீஸ் கம்ப்யூட்டர் கிளாஸ். அதுக்குள்ள இந்தப் பதிவேடு தானா வர்றத நிறுத்தணும். அவ்வளவுதான் வேலை.

— வந்தா வந்துட்டுப் போவுது. ஏழு லேடீஸும் பாத்துட்டு மூடிடப் போறாங்க.

— அதுல வசந்தாவும் வருவா.

— வசந்தா அத்த பாத்தா இன்னா? நீ செயலாளர் கஜபதி, அது உன் சம்சாரம். பாக்கக் கூடாதா?

— பதிவேடு செயலாளர் மட்டும் பாக்க வேண்டிய ஆவணம். சம்சாரமா இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கு.

— உன் மொறையப் பாத்து தான் நைனா பருத்திப்பட்டு பூரா சிரிக்குது. முப்பத்தாறு ஊட்டுக்கும் சேத்து ஒத்த கம்ப்யூட்டரு. அத்தத் தொட வர்றவன் பேரு, வந்த நேரம், போன நேரம், எதுக்கு வந்தான்னு எல்லாம் அடிக்கணும்னு ஒத்தக் கால்ல நின்ன. உன் தொல்ல தாங்காம நானும் புரோகிராம் எய்திக் குட்த்துட்டேன். இப்ப ரெண்டாங்கிளாஸ் புள்ள காரு ரேஸ் ஆட வந்தாக்கூட, காரணம் அடிச்சாத்தான் உள்ள உடுது. அந்தப் புள்ள போன மாசம் இன்னா அடிச்சிது தெரியுமா? 'காரணம்: சொம்மா.'

— அந்தப் பையனுக்கு எழுத்து மூலமா எச்சரிக்கை குடுத்தாச்சு. நேரம் போகுது தம்பி.

— அப்ப நவுரு.

— கண்ண மூடிக்கிட்டு சரி பண்ண முடியாதா?

— முடியும். அப்பால விண்டோஸே வராது, பரவால்லியா?

— சரி, உக்காரு. பதிவேட்டைப் படிக்காத. மூடிட்டு மத்ததப் பாரு.

— மூடியாச்சு. மொதல்ல என் புரோகிராமையே சந்தேகப்படுவோம். விண்டோஸ் முழிக்கறப்ப எத்தெத்தக் கூப்புடணும்னு ஒரு ஃபைலு கீது, அதுல ரெண்டு வரி இருக்கும். தோ, சுத்தமா கீது. என் மேல தப்பு இல்ல, குறிச்சிக்கோ.

— குறிச்சிக்கிட்டேன். அடுத்தது?

— ஸ்டார்ட் மெனு. அடடா, இத்த இன்னா பண்ணி வெச்சிகீற? போன மாசம் நான் பாத்த மெனு இல்லியே இது. கேம்ஸ்னு ஒண்ணு இருந்துச்சே, எங்க?

— பசங்க கண்ல படாம இருக்கட்டும்னு இடம் மாத்தினேன்.

— மாத்துன. 'செயலாளர்'னு ஒண்ணு. அத்தத் தொறந்தா 'முக்கியம்'. அத்தத் தொறந்தா 'மிக முக்கியம்'. அதுக்குள்ள சீட்டுக்கட்டு ஆட்டம்.

— அது வேற விஷயம். நீ வேலையப் பாரு.

— பாக்கறேன். மெனுவுக்குள்ளயே ஸ்டார்ட்அப்னு ஒரு பொட்டி கீது. அதுல எத்தப் போட்டாலும், மெஷின் முழிச்ச ஒடனே தானா தொறந்துகினு வந்து நிக்கும். ஐயையோ.

— என்ன ஐயையோ?

— நேத்து கிளாஸ்ல இந்தப் பாடந்தான் நைனா எடுத்தேன். ஆளுக்கு ஒண்ணு போட்டுப் பாருங்கன்னேன். பேரு வெக்கச் சொன்னேன், ஒர்த்தரும் வெக்கல. ஷார்ட்கட்டு, ஷார்ட்கட்டுன்னு ஒம்போது கீது. நம்பர் மட்டும் தான் வேற.

— ஏழு பேருக்கு ஒன்பது எப்படி?

— தாயம்மா அக்கா மூணு போட்ருக்கும். கல்யாணத்துல வட போடறப்பவும் அது அப்டித்தான்.

— ஒவ்வொண்ணா பாரு.

— ஒண்ணு, கடியாரம். இது ஜமீலா அக்கா. ரெண்டு, கால்குலேட்டரு. மூணு, கோலப் படம். நாலு, கோலம். அஞ்சு, அதுவும் கோலம். நான் சொல்லல? ஆறு... போச்சு.

— என்ன போச்சு?

— நின்னுபோச்சு. இந்த மெஷினுக்கு மெமரி கம்மி. அஞ்சு ஜன்னல் ஒண்ணா தொறந்தா மூச்சு வாங்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். நாலு நிமிசம் ஆவும்.

— நாலு நிமிஷமா?

— நான் இன்னா அத்த முதுவுல தட்டியா எழுப்ப முடியும்? சொம்மா உக்காரு. தோ, என் பேரு கேக்குது. உத்தமன். காரணம்... 'நைனா மெர்சலாயிட்டாரு'ன்னு போடவா?

— பழுது பார்த்தல்னு போடு.

— போட்டாச்சு. வருது, வருது. கோலம் வருது. கடியாரம் வருது. தோ உன் பதிவேடும் வந்துட்ச்சி.

— மூடு. படிக்காத.

— மூடறேன், மவுஸு நவுரல. கண்ணு எதுருல இருக்கறத எப்டி நைனா படிக்காம இருக்கறது? மாசத்துக்கு ஒரு ஃபைலு, இது செப்டம்பர். ஒண்ணாந்தேதி கஜபதி, உள்ளே எட்டு மணி, வெளியே நாலரை, காரணம் டியூட்டி. ரெண்டாந்தேதி கஜபதி, எட்டு, நாலரை, டியூட்டி. மூணாந்தேதி எட்டு பன்னெண்டு. காரணம்: ரயில் லேட். நைனா, உன் ஊட்லேர்ந்து இந்த ரூமுக்கு எந்த ரயிலு வருது?

— மூடுடா.

— நாலாந்தேதி நேரமே இல்ல. காரணம்: கேஷுவல் லீவு. லீவுல கீறவன் எப்டி வந்து எய்துன?

— முந்தின நாள் சாயங்காலமே எழுதி வெச்சேன். முறைப்படி.

— இன்னா நைனா இது?

— கம்பெனில ஆளுங்க வர்ற நேரம், போற நேரம் குறிக்கற எங்க டைம் ஆபீஸை ஜூலைல மூடிட்டாங்க. கேட்டுக்கிட்ட ஒரு பொட்டி வெச்சிருக்கான். ஆளுக்கு ஒரு அட்டை. தேச்சா அதுவே நேரத்தக் குறிச்சிக்குது. லேட்டா வந்தவன் மூஞ்சி அதுக்குத் தெரியாது, அவன் பொய் சொல்றானான்னு தெரியாது. ஆனா குறிச்சிக்குது. எங்க ஆறு பேருக்கும் மாலை போட்டு, சால்வை போத்தி அனுப்பிட்டாங்க.

— சால்வ எங்க?

— மானிட்டர் மேல தூசி படாம போத்தி வெக்கறோமே, அது என்னன்னு நெனச்ச?

— ஜரிகை போட்டிருந்துச்சா, ஜமீலா அக்கா தான் தெச்சிக் குட்த்துச்சின்னு நெனச்சேன். ஊட்ல சொல்லல நீ?

— சொல்லணும்னுதான் அன்னிக்கு வந்தேன். மறுநாளைக்கு வேணும்னு வசந்தா யூனிஃபார்ம் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டி வெச்சிருந்தா. இஸ்திரி போட்ட சட்டைய என்ன செய்யறது? போட்டுக்கிட்டுக் கிளம்பினேன். ஸ்டேஷன் வரைக்கும் போவேன். திரும்பி ஏரிப் பக்கத்துக் கதவு வழியா இங்க வந்துடுவேன். சாவி என்கிட்டதானே இருக்கு.

— அத்தினி நேரம் இங்க இன்னா பண்ற?

— மொத வாரம் வேலைக்கு அப்ளிகேஷன் அடிச்சேன். வயசுன்னு ஒரு இடம் வருது, அங்க வந்து கை நின்னுடுது. அதுக்கப்பறம் சீட்டுக்கட்டு ஆட்டம். பத்தேகாலுக்கு டீ பிரேக்.

— அது கெடக்கட்டும். ஒளிஞ்சிகினு உக்கார வந்தவன் எவனாச்சும் பேரு, நேரம், காரணம் எல்லாம் அடிச்சிட்டு ஒளிவானா?

— அடிக்காம எப்படிடா உள்ள வர்றது? முப்பத்தொரு வருஷத்துல பதிவு பண்ணாம நான் ஒரு வாசலத் தாண்டினதில்ல.

— மணி இன்னா?

— நாலு நாப்பத்தி ரெண்டு.

— ரெண்டே நிமிசம். உன் பேரு கீற வரி அத்தினியும் அழிச்சிடறேன். அப்பால இது தானா தொறந்தா இன்னா, தொறக்காட்டி இன்னா. வசந்தா அத்த பாத்தாலும் ஒண்ணியும் இருக்காது.

— அழிக்கறதா? பதிவேட்டையா?

— நீ வெச்ச பதிவேடு. நீ எய்துன வரி. நீயே அழிக்கற. எவன் கேப்பான்?

— ஒரு ஃபோர்மேன் அவர் மச்சினனுக்காக என்னை அஞ்சே அஞ்சு நிமிஷத்தத் திருத்தச் சொன்னார். மாட்டேன்னேன். மூணு வருஷம் என்கூடப் பேசல அந்த மனுஷன். இன்னிக்கு எனக்காக நானே திருத்தவா?

— அப்ப மாட்டிக்கோ.

— எதுக்கு மாட்டணும்? பதிவேடு அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும். தானா வெளிய வராம இருந்தா போதும். அந்த ஷார்ட்கட்டக் கண்டுபிடி.

— உத்தமா! கதவு இன்னாத்துக்கு சாத்திக் கீது? நான் தான் தாயம்மா, கிளாஸுக்கு வந்துகீறேன்!

— இன்னும் டயம் ஆவலக்கா! அப்டி வாட்டர் டேங்க் நெழல்ல நில்லு!

— என் கோலம் தானா வந்துச்சா?

— மூணும் வந்துச்சிக்கா! நீ தான் ஃபர்ஸ்ட்டு!

— வசந்தாவும் கெளம்பிட்டா. தண்ணி புடிச்சி வெச்சிட்டு வரேன்னா!

— கேட்டியா? தண்ணி பிடிக்க அஞ்சு நிமிஷம். சீக்கிரம்டா.

— கூவாத நைனா. ஆறு, படம் வரையறது. ஏழு, எட்டுல ஒண்ணியும் இல்ல, காலி. ஒம்போது... மாட்னான். ஒம்போதாம் நம்பரு நேரா உன் பதிவேட்டுக்குத் தான் போவுது.

— தூக்கு.

— தூக்கிட்டேன். குப்பக்கூடைக்குப் போயாச்சு. இனிமே எத்தினி வாட்டி ஆன் பண்ணாலும் வராது.

— உறுதியா?

— எய்திக் குடுக்கவா?

— வேணாம், நம்பறேன். நல்ல வேளை. இனி மிச்ச ஷார்ட்கட்டும் இருக்கக் கூடாது. அப்பறம் இதச் செஞ்சது யார்னு எனக்குத் தெரியணும். செயலாளர் ஃபைல்ல கை வெச்சிருக்காங்க. எழுத்து மூலமா விளக்கம் கேக்கணும்.

— ஈசி. இத்த உண்டாக்குன நேரம் இதுலயே கீது. நேத்து சாய்ங்காலம் ஆறு பத்து. அப்ப மெஷினாண்ட யாரு இருந்தாங்கன்னு பதிவேட்லயே பாத்தா முட்ஞ்சிது.

— ஆறு மணியோட கிளாஸ் முடிஞ்சிடுமே.

— முட்ஞ்சிது. நானும் கெளம்பிட்டேன். யாரோ ஒர்த்தரு திரும்பி வந்து, தனியா ஒரு வாட்டி உள்ள நொழஞ்சிகீறாங்க.

— தனியாவா?

— தனியா.

— அப்ப வேணாம். விட்டுடு.

— இன்னா நைனா, இப்பத்தான விளக்கம் கேக்கணும்ன?

— யாரோ எல்லாத்தையும் படிச்சிருக்காங்க. யார்னு தெரிஞ்சா நாளைக்கு அவங்க எதிர்ல வர்றப்ப நான் எந்தப் பக்கம் பாக்கறது? தெரியாமயே இருக்கட்டும்.

— எனக்குத் தெரியணும். பதிவேடு எந்த எடத்துல கீதுன்னு நான் கிளாஸ்ல சொல்லவே இல்ல. தானா தேடிக் கண்டுபுடிச்சி, ஸ்டார்ட்அப்ல போட்ருக்காங்க. எங்க காலேஜ்ல அந்த மாரி மண்ட ஒண்ணு கூடக் கெடையாது, என்னையும் சேத்து.

— உத்தமா, வேணாம்.

— பதிவேட்டத் தொறக்கற நோட்பேடு எப்பவும் மொத வரியிலேர்ந்து தான் காட்டும். நீ பதினோரு வாட்டியும் பயந்துகினு மூடிட்ட, கீழ போவவே இல்ல. தோ, கடைசிப் பக்கம். கிளாஸ் லேடீஸ் எல்லாரும் ஆறு மணிக்கு வெளியே. அப்பால ஒர்த்தரு. உள்ளே ஆறு அஞ்சு. வெளியே ஆறு பதினாலு. அதுக்கு அடுத்த வரி இன்னிக்கி காலைல எட்டு மணிக்கு, நீ.

— பேரு?

— தண்ணி குடிக்கிறியா நைனா?

— பேரச் சொல்லுடா.

— வசந்தா.

— எந்த வசந்தா?

— காலனில வேற வசந்தா கீதா?

— அவளுக்கு மவுஸ் பிடிக்கவே கை நடுங்கும்.

— அது ஜூன் மாசம். மாச மாசம் ஒரு பரீச்ச வெக்கறேன். மூணுலயும் வசந்தா அத்த தான் மொத மார்க்கு. உன்னாண்ட சொல்லலியா?

— இல்ல. நானும் கேக்கல. காரணம்? காரணம் அடிக்காம உள்ள விட்டிருக்காதே. என்ன போட்டிருக்கா?

— கொஞ்சம் நீட்டா கீது. இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிச்சிருக்காங்க.

— படி.

— தாயம்மா அக்கா ஜன்னலாண்ட கீது.

— மெதுவா படி.

— 'காரணம்: ஜூலையிலேர்ந்து எனக்குத் தெரியும். கட்டிக் குடுக்கற சோறு ஆறிப் போகுது. திங்கட்கிழமை முதல் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடவும்.'